வக்கீல் தொட்ட மஞ்சள் வட்டம்

மார்ச் 3, செவ்வாய்

வக்கீல் இன்றும் வேலைநிறுத்தம்.

வந்தாள், உட்கார்ந்தாள், திரையில் வந்த படங்களில் இரண்டைச் சரியாகப் பொருத்தினாள், குழாயில் வந்த ஆப்பிள் சாற்றை உறிஞ்சினாள். அப்புறம் திரையின் மூலையில் இருக்கும் மஞ்சள் வட்டத்தைத் தொட்டாள். பின்கதவு திறந்தது, திரை அணைந்தது. இன்றைக்கு அவ்வளவுதான்.

அந்த மஞ்சள் வட்டம் என் யோசனை. சோதனை அறை என்று நாங்கள் கௌரவமாகச் சொல்வது, குரங்குகள் வசிக்கும் கூண்டின் பக்கவாட்டில் பொருத்திய, துணி அலமாரி அளவுள்ள ஒரு கம்பிப் பெட்டி. குரங்கு தானாகத்தான் உள்ளே வரும், யாரும் பிடித்து இழுப்பதில்லை. ஆனால் வந்ததும் பின்னால் கதவு சாத்திக்கொள்ளும். இல்லாவிட்டால் கூட இருக்கும் குரங்கும் புகுந்து காரியத்தைக் கெடுக்கும். ஆக, வருவது அதன் இஷ்டம், போவது நம் இஷ்டம். இது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஆய்வகத் தலைவரான மேடத்தை நச்சரித்து நச்சரித்து, 'போதும்' என்று சொல்ல அதற்கும் ஒரு வழி வேண்டும் என்று வாதாடி, வட்டத்தை வைத்தேன். தொட்டால் கதவு திறக்கும், வேலை முடிந்தது. மற்ற குரங்குகள் எப்போதாவது தொடுகின்றன. வக்கீல் மட்டும் உட்கார்ந்த சூட்டோடு தொடுகிறாள்.

சரி, கதவு திறந்ததும் போய்த் தொலைகிறாளா என்றால் அதுவும் இல்லை. அணைந்த திரைக்கு முன்னால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான்தான் மறுபக்கம் ஓடி, வேர்க்கடலையைக் காட்டி, "வாம்மா தாயே, வா" என்று கெஞ்சிக் கூண்டுக்குக் கூட்டிவர வேண்டியிருக்கிறது.

மார்ச் 4, புதன்

மேடம் என் அறிக்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார். பல இடங்களில் 'அவள்' என்று எழுதியிருக்கிறேனாம். ஆய்வு அறிக்கையில் 'அது' என்றுதான் எழுத வேண்டும். எண் போட வேண்டும், பட்டப்பெயர் கூடாது. மாற்றிக் கொடுத்தேன்.

இங்கே யார் திருத்தப்போகிறார்கள்? அவள் வக்கீல்தான். எதைக் கொடுத்தாலும் புரட்டிப் பார்த்து, மோந்து பார்த்து, ஒரு ஆட்சேபம் தெரிவித்துவிட்டுத்தான் வாங்குவாள். கூட இருப்பவள் சாட்சி. எது நடந்தாலும் பார்த்துக்கொண்டே இருப்பாள், வாயைத் திறக்க மாட்டாள். குட்டியாக வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் ஒரே கூண்டு. தூங்கும்போது எந்த வால் யாருடையது என்று எனக்கே குழம்பும்.

மார்ச் 5, வியாழன்

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அக்கா. சோபாவின் நுனியில், ரயிலுக்குக் காத்திருப்பவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். காலடியில் ஒரு நீலப் பயணப்பை. கையில் தேநீர், ஆறிப்போயிருந்தது.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்டா."

சும்மா வருகிற ஆளா அவள்? சமையலறையில் இவள், என் மனைவி, மெதுவாகச் சொன்னாள். அக்கா மகன் இனி வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்க்கப்போகிறானாம், அதற்கு அக்காவின் அறை தேவைப்பட்டிருக்கிறது. அக்கா கடைக்குப் போய்த் திரும்பினால் கட்டில் ஹாலில் கிடக்கிறது. சண்டை போடவில்லை. பையை எடுத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டாள்.

"ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே கட்டிலத் தள்ளிப் போட்டிருப்பேன்" என்று மட்டும் இவளிடம் சொன்னாளாம்.

என்னிடம் அதுகூடச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்காமல் இருப்பதைத்தான் பாசம் என்று நினைத்து வளர்ந்தோம்.

மார்ச் 6, வெள்ளி

மேடம் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஏப்ரல் கடைசி வாக்கில் வெளியிலிருந்து ஒரு குழு வருகிறது. எந்தக் குரங்கு ஆய்வில் பங்கேற்கிறது, எது சும்மா இருக்கிறது என்று பார்ப்பார்கள். சும்மா இருப்பதை வேறு ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வார்கள்.

எல்லோரும் எழுந்து போன பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அங்க தனித்தனிக் கூண்டு. ஜோடி கிடையாது."

"வக்கீல அனுப்பிட்டா சாட்சி?"

"அது நல்லா வேலை செய்யுதே. அது இங்கதான் இருக்கும்."

மேடம் கெட்டவர் இல்லை. ஆய்வு நடந்தால்தான் இந்த இடம், இந்த இடம் இருந்தால்தான் இத்தனை குரங்குகளுக்குச் சோறு. அவர் கவலை அவருக்கு. ஆனால் இந்த வயதில் அவர்கள் இரண்டு பேரையும் பிரித்தால் என்ன ஆகும்? நான் ஆசையாக வைத்த வட்டம் இது. அதைத் தொட்டுத் தொட்டே அவள் தன்னை இங்கிருந்து அனுப்பிக்கொள்கிறாளா? எனக்குத் தேவைதான்.

மார்ச் 8, ஞாயிறு

மத்தியானச் சாப்பாட்டில் அக்கா சொன்னாள்: "நாளைக்குக் காலையில கிளம்பறேன்டா."

"எத்தன மணிக்குக்கா? வண்டி சொல்லிடவா?"

என்னைப் பார்த்தாள். தட்டைப் பார்த்தாள். "பாத்துச் சொல்றேன்" என்றாள்.

இவள் மேசைக்கடியில் என் காலை மிதித்தாள். எதற்கு என்று புரியவில்லை. ஒருவர் போக வேண்டும் என்றால் உதவி செய்வதுதானே மரியாதை? அதுவும் காலையில் வண்டி கிடைப்பது என்ன கஷ்டம் என்று இவளுக்கும் தெரியும்.

மார்ச் 9, திங்கள்

அக்கா கிளம்பவில்லை. முகம் மட்டும் சரியில்லை.

மார்ச் 10, செவ்வாய்

வக்கீலின் இடது முன்கையில் முடி பிய்ந்து தோல் தெரிகிறது. வேறு யாரும் பிய்க்கவில்லை, அவளேதான். உட்கார்ந்து, ஏதோ யோசனையில் இருப்பவள் மாதிரி, ஒவ்வொரு முடியாகப் பிடுங்குகிறாள். சாட்சி அந்தக் கையைப் பிடித்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். கொஞ்ச நேரம் கழித்து வக்கீல் கையை உருவிக்கொள்கிறாள், மறுபடி பிடுங்கல்.

எங்கள் குரங்கு டாக்டர் வந்து பார்த்தார். பல், காது, வயிறு எல்லாம் சரி. எடையும் குறையவில்லை.

"உடம்புல ஒண்ணுமில்ல சார். மனசுக்குப் போடற ஊசி என்கிட்ட இல்ல."

இப்படி ஒரு வசனம் பேசிவிட்டு வாழைப்பழத்தை உரித்துத் தானே தின்றுகொண்டு போய்விட்டார். அது வக்கீலுக்காக வைத்திருந்த பழம்.

மார்ச் 12, வியாழன்

எதிர்பார்த்ததுதான். மேடம் கேட்டார்: "காலையில பழத்த நிறுத்திட்டா என்ன? பசி இருந்தா உக்காருமில்ல?"

முடியாது என்றேன். குரலை உயர்த்திவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்து அறையில் தட்டச்சு நின்றது.

"பட்டினி போட்டு வரவெச்சா அது வர்றது இல்ல மேடம், இழுத்துட்டு வர்றது. கயிறு கண்ணுக்குத் தெரியல, அவ்வளவுதான்."

"எனக்கு மட்டும் ஆசையா? வேற வழி சொல்லுங்க."

வழி இருந்தால் நான் ஏன் கத்துகிறேன்? சாற்றை மாற்றிப் பார்த்தாயிற்று. படங்களை எளிதாக்கிப் பார்த்தாயிற்று. நேரத்தை மாற்றியும் பார்த்தாயிற்று. எது கொடுத்தாலும் கொஞ்சம் வேலை, அப்புறம் வட்டம். ஒருவேளை அவளுக்கு நிஜமாகவே பிடிக்கவில்லையோ? பிடிக்காதவளைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்றுதானே வட்டம் வைத்தேன். இப்போது அவள் சொல்கிற 'போதும்' எனக்கு வசதியாக இல்லை என்றதும் மல்லுக்கு நிற்கிறேன். என்ன மனுஷன் நான்.

மேடம் பழத்தை நிறுத்தவில்லை. இப்போதைக்கு.

மார்ச் 15, ஞாயிறு

வீட்டில் களேபரம்.

அக்காவின் பை வந்த நாளிலிருந்து வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருந்தது. வந்து போகிறவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள் என்று இவள் நேற்று அதைப் பரணில் ஏற்றிவிட்டாள். அக்கா இனி இங்கேயே இருக்கட்டும், நம் வீட்டு மனுஷி என்று உணரட்டும் என்ற நல்ல எண்ணம்தான். இன்று காலை பார்த்தால் அக்கா நாற்காலி போட்டு ஏறி, பரணில் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருக்கிறாள். நாற்காலி ஆடுகிறது. எனக்கு உயிரே போய்விட்டது.

இறக்கிவிட்டு, கோபத்தில் கேட்டேன்: "கிளம்பணும்னா சொல்லுக்கா, நானே கொண்டுபோய் விடறேன். அன்னிக்கே வண்டி சொல்றேன்னேன்ல?"

அக்கா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர். என் அக்கா அழுது நான் பார்த்ததே இல்லை, அத்தான் போனபோதுகூட.

"நான் போறேன்னு சொன்னா நீ ஏன்டா உடனே வண்டி சொல்ற?"

"நீதானே..."

"இவ என்னடான்னா பையத் தூக்கி ஒளிச்சு வெக்கறா. நீ என்னடான்னா வாசல் வரைக்கும் தள்ளிட்டுப் போற. எனக்கு ரெண்டும் வேணாம்டா. பை கண்ணுல படணும். நெனச்சா கிளம்பிடலாம்னு தெரிஞ்சாதான் எனக்கு இங்க தூக்கம் வருது. அவ்வளவுதான். அதுக்காக நான் எங்கடா போறேன்? எனக்கு எங்க இருக்கு போறதுக்கு?"

இவள் போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "மன்னிச்சுக்குங்க அண்ணி, எனக்குத் தோணல" என்றாள். நான் என்ன செய்வது என்று தெரியாமல் நாற்காலியின் ஆடுகிற காலுக்கு அட்டை மடித்து வைத்தேன். அப்புறம் பையை இறக்கி, பழைய இடத்திலேயே வைத்தேன். அக்கா அதை ஒருமுறை பார்த்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

மார்ச் 16, திங்கள்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் வக்கீல் வழக்கம்போல வட்டத்தைத் தொட்டாள். கதவு திறந்தது. வழக்கம்போல நான் கடலை டப்பாவோடு எழுந்தேன். எழுந்தவன் நின்றுவிட்டேன். 'நான் போறேன்னு சொன்னா நீ ஏன்டா உடனே வண்டி சொல்ற?'

கதவு திறந்ததும் அவள் என்ன செய்கிறாள் என்று நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில் நான் மறுபக்கம் ஓடிக்கொண்டிருப்பேன். பழைய படப்பதிவுகளைப் போட்டுப் பார்த்தேன். அவை எல்லாம் இருக்கின்றன, நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. வட்டத்தைத் தொட்டால் கணினி 'மறுத்தது' என்று பதிவு செய்துவிடும், அதற்கு மேல் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டிருந்தோம்.

கதவு திறந்ததும் திரும்பிப் பார்க்கிறாள். எழுந்து போய் வாசலில் கை வைத்து வெளியே எட்டிப் பார்க்கிறாள். அங்கே சாட்சி இருக்கிறாள். சரி என்பது மாதிரி திரும்பி வந்து, அதே இடத்தில் உட்கார்ந்து, திரையைத் தொடுகிறாள். திரை இருட்டு. மறுபடி தொடுகிறாள். விரலை மாற்றித் தொடுகிறாள். குழாயை நக்கிப் பார்க்கிறாள். இன்னொரு முறை திரையைத் தட்டுகிறாள். அப்புறம் நான் வருகிறேன், கடலையை ஆட்டிக்கொண்டு, ஈ என்று இளித்துக்கொண்டு.

எல்லா நாளும் இதேதான். எல்லா நாளும்!

அவள் 'போதும்' என்று சொல்லவே இல்லை. கதவு திறக்குமா என்று பார்த்துக்கொண்டாள். திறக்கும் என்று தெரிந்ததும் வேலைக்கு வந்தாள். நாங்கள்தான் விளக்கை அணைத்துவிட்டோம். கதவு திறந்தால் வேலை முடிந்தது என்று நிரல் எழுதியது யார்? நான். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியது யார்? அதுவும் நான்.

அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். கம்பி வழியாகக் கையை மோந்து பார்த்தாள். கடலை இல்லை என்றதும் ஆட்சேபம் தெரிவித்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

மேடத்திடம் படப்பதிவைக் காட்டினேன். கதவு திறந்த பிறகும் திரை எரியட்டும், அவள் விரும்பினால் தொடரட்டும் என்றேன். இரண்டு முறை போட்டுப் பார்த்தார்.

"உங்களுக்கு அதப் புடிக்கும். புடிச்சவங்க என்ன செஞ்சாலும் அதுல நமக்கு ஒரு அர்த்தம் தெரியும்."

"தெரியும் மேடம். அதனாலதான் நான் சொல்றத நம்பாதீங்க, மாத்திப் பாருங்கன்னு சொல்றேன்."

"நடுவுல விதிய மாத்தினா இதுவரைக்கும் எடுத்ததெல்லாம் வீணாப் போகும். கதவத் தொறந்து வெச்சா சாட்சி உள்ள வந்துடும். வெளிய போனது திரும்பி வரலன்னா?"

விலங்கு நலக் குழுவின் அனுமதியும் வேண்டும். எழுதிப் போடுகிறேன் என்றார். குரங்கை 'அது' என்றுதான் எழுத வேண்டும் என்கிறவர், அனுமதி கேட்டு இன்றைக்கே எழுதிப் போட்டார். அதையும் இங்கே எழுதிவைக்கிறேன்.

மார்ச் 24, செவ்வாய்

அனுமதி வந்துவிட்டது. நாளை.

மார்ச் 25, புதன்

வட்டத்தைத் தொட்டாள், கதவு திறந்தது, திரை எரிந்துகொண்டிருந்தது. எழுந்து கூண்டுக்குப் போய்விட்டாள்.

திரும்பி வரவில்லை.

மார்ச் 26, வியாழன்

இன்றும் அப்படியே. மேடம் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 27, வெள்ளி

இன்றும்.

இவளிடம் சொன்னேன், நான் நினைத்ததெல்லாம் பிரமை, அந்தக் குரங்குக்கு என் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்று. காய் நறுக்கிக்கொண்டிருந்த அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"இத்தன நாளா தொறந்தா வெளிய கூட்டிட்டுப் போனீங்க. இப்ப தொறந்தா தானாப் போவுது. நீ பழக்கினதுதானே? அதுக்கும் கொஞ்சம் நாள் குடுடா."

ஒரு குரங்கையும் கிட்டத்தில் பார்த்ததில்லை அவள். தன்னைப் பற்றித்தான் சொன்னாளோ என்னவோ. உண்மையாகவே நான்தான் பழக்கியிருக்கிறேன், கடலை கொடுத்துக் கொடுத்து.

மார்ச் 30, திங்கள்

வந்தாள்!

தொட்டாள், போனாள். நான் என் நாற்காலியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடலை டப்பாவை வேண்டுமென்றே அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். ரொம்ப நேரம் திறந்த கதவு மட்டும்தான். நான் எழுந்து எல்லாவற்றையும் அணைக்கலாமா என்று யோசித்தபோது கதவோரம் ஒரு கை தெரிந்தது. முடி பிய்ந்த கை. எட்டிப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். அது எரிகிறது. உள்ளே வந்து பாதி உடம்பை வெளியே விட்டுக்கொண்டு நின்றபடியே ஒரு படத்தைத் தொட்டாள். சரியான படம். சாறு வந்தது.

அப்புறம் உட்கார்ந்தாள். உட்கார்ந்து, வேலையைத் தொடர்ந்தாள். கதவு பின்னால் திறந்தே கிடந்தது. நடுநடுவே திரும்பிப் பார்த்துக்கொள்வாள், அவ்வளவுதான்.

நான் அழுதேன். யாரும் பார்க்கவில்லை, சாட்சியைத் தவிர.

ஏப்ரல் 2, வியாழன்

மேடம் சொன்னது பலித்துவிட்டது. சாட்சி உள்ளே வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருக்காமல் வக்கீலின் தோளுக்கு மேலே கையை நீட்டித் தப்பான படத்தைத் தொடுகிறாள். வக்கீல் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், என் மனைவி நான் சமையலறையில் நுழைந்தால் பார்ப்பாளே, அதே பார்வை. இத்தனை வருஷம் வாயைத் திறக்காத சாட்சிக்கு இப்போதுதான் சாட்சி சொல்ல ஆசை வந்திருக்கிறது.

இன்றைய முடிவுகள் எதற்கும் உதவாது.

ஏப்ரல் 6, திங்கள்

திரையைக் கொஞ்சம் உள்தள்ளிப் பொருத்தினோம், இப்போது முன்னால் உட்கார்ந்திருப்பவள் கைக்குத்தான் எட்டும். யோசனை மேடத்துடையது. திருப்புளியைப் பிடித்து முடுக்கியதும் அவர்தான், கோட்டை மடித்து நாற்காலியில் போட்டுவிட்டு.

சாட்சி இரண்டு தடவை கையை நீட்டிப் பார்த்தாள். அப்புறம் வக்கீலின் முதுகில் பேன் பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தி வேலை பார்க்க, ஒருத்தி பேன் பார்க்க, சோதனை முழுசாக ஓடியது.

ஏப்ரல் 12, ஞாயிறு

அக்கா: "நாளைக்குக் கிளம்பறேன்டா."

நான்: "சரிக்கா. இந்தப் பாத்திரத்துக்கு மூடி எது, தேடறேன் கிடைக்கல."

அக்கா எழுந்து வந்து மூடியை எடுத்துக் கொடுத்தாள். இவள் என் காலை மிதிக்கவில்லை, எதிரே உட்கார்ந்து சிரித்தாள்.

பை வாசலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் யாரும் தடுக்கிக்கொள்வதில்லை, எல்லோருக்கும் கால் பழகிவிட்டது.

ஏப்ரல் 22, புதன்

குழு வந்தது. மூன்று பேர். அதில் கண்ணாடி போட்ட அம்மாள் ஒருவர் எல்லாவற்றையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வக்கீல் முறை வந்தது. உள்ளே வந்து உட்கார்ந்தாள், வட்டத்தைத் தொட்டாள், எழுந்து வெளியே போய்விட்டாள். இரண்டு வாரமாகப் போகாதவள் இன்றைக்குப் பார்த்துப் போகிறாள்! கூண்டில் வாளிக்குப் பின்னால் போய் மறைந்துகொண்டாள். புது மனிதர்கள், புது வாசனை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை. கை தானாகக் கடலை அலமாரியின் சாவியைத் தேடியது. மேடம் என் கையைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

காத்திருந்தோம். கண்ணாடி அம்மாள் கடிகாரத்தைப் பார்த்தார்.

முதலில் வந்தவள் சாட்சி. உள்ளே வந்து ஒவ்வொருவர் முகமாக நிதானமாகப் பார்த்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்தாள். கொஞ்சம் கழித்து வக்கீல் வந்தாள், சாட்சியை இடித்துத் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் உட்கார்ந்தாள், வேலையை ஆரம்பித்தாள். திறந்த கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கடைசிப் படம் வரைக்கும் பொருத்தினாள்.

கண்ணாடி அம்மாள் கேட்டார்: "கதவு தொறந்துதானே இருக்கு. ஏன் போகாம உக்காந்திருக்கு?"

எனக்கு வாய் துறுதுறுத்தது. மேடம் முந்திக்கொண்டார்.

"தெரியல. அடுத்த வருஷம் அவகிட்ட அதத்தான் கேக்கலாம்னு இருக்கோம்."

அவகிட்ட என்றார். நான் குனிந்து ஷூ நாடாவைக் கட்டினேன். அது கட்டித்தான் இருந்தது.

மே 5, செவ்வாய்

மேடம் குழுவின் கடிதத்தை என் மேசையில் வைத்துவிட்டுப் போனார். வக்கீலையும் சாட்சியையும் பிரிக்கக் கூடாது, இங்கேயே இருக்கட்டும். மற்ற எல்லாப் பெட்டிகளிலும் கதவு திறந்த பிறகும் திரை எரியும்படி மாற்ற வேண்டும். நிறைய வேலை இருக்கிறது. இருக்கட்டும்.

வக்கீலின் கையில் முடி முளைத்திருக்கிறது. தொட்டுப் பார்க்க விடமாட்டாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது, குழந்தையின் தலைமுடி மாதிரி மெல்லிசாக.

மே 10, ஞாயிறு

காலையில் எழுந்து வந்தால் வாசலுக்குப் பக்கத்தில் பை இல்லை.

அக்காவின் அறையில் அக்கா இல்லை. செருப்பும் இல்லை. இவள் குளித்துக்கொண்டிருந்தாள், கதவைத் தட்டிக் கேட்டால் தண்ணீர்ச் சத்தத்தில் காதில் விழவில்லை. பால்கனிக்கு ஓடினேன், தெருவில் யாருமில்லை. வண்டிகூடச் சொல்லச் சொல்லாமல் போய்விட்டாளா? நேற்று ஏதாவது சொன்னேனா? அவள் கிளம்பறேன் என்றபோது நான் மூடியைப் பற்றிப் பேசியிருக்கக் கூடாதோ? 'இங்கயே இருந்துடுக்கா' என்று ஒரு தடவையாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. சட்டையை மாட்டிக்கொண்டு மாடிப்படியில் இறங்கினேன். பொத்தானைப் போடவில்லை.

பாதிப் படியில் அக்கா எதிரே ஏறி வந்துகொண்டிருந்தாள், நீலப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க.

"எங்கடா ஓடற, பொத்தான்கூடப் போடாம? இந்தா, இதப் பிடி. கனக்குது."

வாங்கினேன். நிஜமாகவே கனத்தது. ஜிப்பைத் திறந்து பார்த்தால் வெங்காயம். வாய் வரைக்கும் வெங்காயம்.

"நல்லா இருந்துச்சு, வாங்கிட்டேன். உங்க வீட்டுல இருக்கற பையெல்லாம் காது அறுந்து கெடக்கு, இதுதான் தாங்கும்."

"துணியெல்லாம்?"

"அது எப்பவோ பீரோவுல அடுக்கியாச்சே. உன் பொண்டாட்டிதான் ரெண்டு தட்டு ஒழிச்சுக் குடுத்தா. உனக்கு எதுதான் தெரியும்?"

அவளுக்கு முன்னால் ஏறி வந்து, பையை வாசல் கதவுக்குப் பக்கத்தில், அதன் வழக்கமான இடத்தில் வைத்தேன்.

"அங்க எதுக்குடா வெக்கற?" என்றாள் அக்கா, செருப்பைக் கழற்றிக்கொண்டே. "சமையலறைக்குக் கொண்டு போ."